நாகலிங்கத்தின் சம்சாரம்

சோலையப்பனுக்காக நான் ஏறி இறங்கிய வக்கீல் ஆபீஸ்களில் ஏ.சி. மட்டும் எல்லா இடத்திலும் ஒழுங்காக வேலை செய்தது. ஜூலை மாத வெயிலில் கம்பெனி பிக்கப்பை எங்காவது ஒரு சந்தில் சொருகிவிட்டு, முதுகோடு ஒட்டிய சட்டையோடு உள்ளே போவேன். அரை மணி நேரத்தில் சட்டை காய்ந்துவிடும். அதற்குள் எனக்கு 'முடியாது' என்ற பதிலும் வந்துவிடும்.

விஷயம் இதுதான். சோலையப்பன் எங்கள் ஊர்க்காரன், கமுதிப் பக்கம். ஷார்ஜா முவைலாவில் ஒரே ரூமில் எனக்கு எதிர்க் கட்டில் அவனுடையது. 2005 மே மாதம் சைட்டில் நான்காவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். அன்று மூடிய கண்ணை அதற்கப்புறம் திறக்கவில்லை. தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வழியாக மூச்சு, மூக்கு வழியாகச் சாப்பாடு. ஐம்பது நாள் ஆனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தலைக்கு இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, நெஞ்சில் சளி கட்ட ஆரம்பித்திருக்கிறது, ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் இப்போதே கொண்டுபோங்கள், இரண்டு மாதம் தள்ளிப் போட்டால் விமானத்தில் ஏற்றுகிற நிலையில் இருக்க மாட்டார் என்றார்.

அனுப்பி வைக்கக் கம்பெனி சம்மதித்தது. ஆஸ்பத்திரிதான் ஒரு பேப்பர் கேட்டது. நினைவே இல்லாத மனிதனிடம் சம்மதம் வாங்க முடியாது. அவனுக்குப் பதிலாக முடிவெடுக்கவும் கையெழுத்துப் போடவும் இன்னார்தான் காப்பாளர் என்று கோர்ட் ஒருவரை நியமிக்க வேண்டும். அந்த உத்தரவைக் காட்டினால் ஸ்ட்ரெச்சரோடு விடுவார்கள். கோர்ட்டில் நின்று பேச இந்த ஊர் வக்கீல், அதாவது லோக்கல் அரபி வக்கீல் வேண்டும். அந்த ஒரு ஆளைத்தான் நான் டூட்டிக்கு நடுவில் திருடன் மாதிரி தேடிக்கொண்டிருந்தேன்.

ஊரில் சோலையின் மனைவி பஞ்சவர்ணம் தினமும் மதியம் என் போனுக்காக மளிகைக்கடை வாசலில் காத்து நிற்பாள். அவளுக்குக் கோர்ட்டும் தெரியாது, காப்பாளரும் தெரியாது.

"மூச்சு இருக்காண்ணே?" என்பாள்.

"இருக்கு தாயி."

"அப்பக் கொண்டாந்துருங்கண்ணே. மூச்சு இருக்கையிலயே கொண்டாந்துருங்க. அவுக முகத்த நான் பாக்கணும்."

வேறு எதுவும் கேட்க மாட்டாள். வேறு ஏதாவது கேட்டுத் திட்டினாலாவது எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

துபாய் தேராவில் முதலில் பார்த்த ஆள் ஒரு மலையாளி. போர்டில் லீகல் கன்சல்டன்ட் என்று தங்க எழுத்தில் இருந்தது. என் கதையை முழுக்கக் கேட்டு, தலையை ஆட்டி, சாயாவும் வாங்கிக் கொடுத்து, கடைசியில் "ஞான் கோர்ட்டில் கேறி நிக்கான் பற்றில்லா" என்றார், அவர் கோர்ட்டில் ஏறி நின்று பேச முடியாதாம். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் சாயாவை அங்கேயே வைத்துவிட்டு எழுந்திருப்பேன். இரண்டாவது ஆபீஸில்தான் என் முட்டாள்தனம் முழுசாக வெளியே வந்தது. பஞ்சவர்ணம் கூரியரில் அனுப்பியிருந்த கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு நகல், குடும்ப போட்டோ எல்லாவற்றையும் பெருமையாக மேஜையில் பரப்பினேன். அங்கே இருந்த குமாஸ்தா பாஸ்போர்ட்டைப் பார்த்தான், ரேஷன் கார்டைப் பார்த்தான்.

"பேஷன்ட் பேர் நாகலிங்கம். மனைவி பேர் நாகஜோதி. இது யார் சோலையப்பன்?"

"அது வீட்டில் கூப்பிடுகிற பேர்."

"ரேஷன் கார்டிலும் வீட்டில் கூப்பிடுகிற பேரா?"

காகிதங்களை அள்ளிக்கொண்டு ஓடி வந்தேன்.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சோலையப்பன் 2000-த்தில் ஒரு கம்பெனியிலிருந்து ஓடிப்போய் வெளியே வேலை பார்த்து மாட்டிக்கொண்டவன். இனிமேல் இந்த நாட்டுக்கு வரவே கூடாது என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். அவனுடைய அண்ணன் நாகலிங்கத்துக்கு அவனை விட மூன்று வயது மூப்பு. கிட்டத்தட்ட அதே முகம். அப்போது லீவில் ஊருக்கு வந்திருந்த ஒரு அறிவாளி, அண்ணனுடைய ரேஷன் கார்டையும் பள்ளிக்கூட சர்டிபிகேட்டையும் வைத்து, தம்பி போட்டோவை ஒட்டி, புது பாஸ்போர்ட் எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னான். அந்த அறிவாளி நான்தான், விஜயபாஸ்கர். எல்லோரும் என்னை மெச்சிக் கோழி அடித்துச் சோறு போட்டார்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் மனைவி பெயர் என்ற இடத்தில் அண்ணன் பெண்டாட்டி நாகஜோதியின் பெயர் வந்தது. அதை நினைத்து நாங்கள் சிரித்தோம்.

2003-இல் நாகலிங்கம் மஞ்சள் காமாலையில் செத்துப்போனார். சரியாக அதே சமயம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்க ஆள் எடுத்தார்கள். விதவைக்கு முன்னுரிமை. நாகஜோதி கேட்டது ஒன்றே ஒன்று, புருஷன் சாவைப் பதிந்து ஒரு சர்டிபிகேட். நாங்கள் மூன்று பேரும், சோலையும் பஞ்சவர்ணமும் நானும், கூடாது என்று மறித்தோம். நானே போன் போட்டுப் பேசினேன். "மதினி, அண்ணன் செத்தத எழுதி வச்சா பாஸ்போர்ட்டும் செத்துப்போகும். ரெண்டு வீட்டு அடுப்பும் அணைஞ்சு போகும்" என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். கமுதியில் எழுதுகிற சாவு துபாய்க்கு எந்தக் காலத்தில் தெரியப்போகிறது? இன்றைக்குத் தெரிகிறது, அன்றைக்குப் பயம். வேலை வேறு ஒருத்திக்குப் போனது. அன்றிலிருந்து எதிரெதிர் வாசலில் இருக்கும் நாகஜோதியும் பஞ்சவர்ணமும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மூன்றாவது வக்கீல் லோக்கல் ஆள். நல்ல மனிதர் மாதிரி தெரிந்ததால் அவரிடம் உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். நாளை காலையில் போலீசில் போய் இதை அப்படியே சொல், அடுத்தவன் பெயரில் நாட்டுக்குள் வந்ததற்குக் கேஸ் போடுவார்கள், கேஸ் முடிந்ததும் அவன் போகலாம் என்றார்.

"அர்பாப், ஐயா, அவன் கண்ணே திறக்கலையே. கேஸ் முடிய எத்தனை மாசம் ஆகும்?"

"அது கோர்ட்டின் கையில்."

ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம். கட்டிலோடு கட்டிலாகச் சோலை இங்கேயே கைதியாகக் கிடந்து சாவான். அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தொழில்பேட்டை ரவுண்டானாவில் ஹார்ன் மேல் ஹார்ன் அடித்தார்கள். எனக்குப் பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை. அன்று ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்து அழுதேன். நாற்பது வயது ஆள் ரோட்டில் அழுகிறானே என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அவசரம்.

நாலாவது ஆபீசுக்கு என்னை அனுப்பியது ஆஸ்பத்திரி நர்ஸ். ஷார்ஜாவில் ஒரு லோக்கல் பெண் வக்கீல் இருக்கிறார், இந்த மாதிரி நாதியற்ற கேஸை பீஸ் பேசாமல் எடுப்பார் என்றாள். அங்கே குமாஸ்தாவாக இருந்தவர் கௌஸ் முகம்மது. கீழக்கரைக்காரர், தாடி நரைத்தவர், முப்பது வருஷமாக அரபி டைப் அடிப்பவர். தமிழ்ச் சத்தம் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"தம்பி, நீங்க சொன்னதுல பாதி எனக்குக் காதுல விழல. வயசாயிடுச்சு. வக்கீலம்மாவுக்கு இந்தப் பாதி எப்பவும் விழக் கூடாது. விழுந்தா அவங்க கேஸை எடுக்க முடியாது."

"அப்ப என்ன பாய் செய்யறது?"

"பாஸ்போர்ட்ல யாரு சம்சாரம்?"

"நாகஜோதி."

"அப்ப அவங்கதான் சம்சாரம். அவங்கதான் காப்பாளர். அவங்க வக்கீலம்மாவுக்குப் பவர் பத்திரம் எழுதி, நோட்டரி, மெட்ராஸ், டெல்லின்னு எல்லா முத்திரையும் குத்தி அனுப்பணும். அந்தப் பவர் என் கைக்கு வந்தா மீதியை நான் பார்த்துக்கிறேன். வராட்டி மௌத், சாவு வர்ற வரைக்கும் அந்த ஆள் அந்தக் கட்டில்தான்."

வெளியே வந்து பிக்கப்பில் உட்கார்ந்தேன். சுடுகிற சீட்டில் பத்து நிமிஷம் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். இந்த உலகத்தில் நான் பேசவே கூடாத ஒருத்தியிடம் நான் இப்போது கெஞ்ச வேண்டும்.

நாகஜோதி பக்கத்து வீட்டுப் போனில் வந்தாள். நான் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம் பேசினாள்.

"இப்ப நான் வேணுமாக்கும் ஒங்களுக்கு?"

"மதினி..."

"ஊருக்கு நான் அறுத்தவ. கவர்மெண்டுக்கு நான் கட்டுனவ. ரெண்டு வருசமா இப்படித்தான தம்பி வச்சிருக்கீக என்னய? நல்ல காரியத்துக்குப் போனா ஒதுங்கி நிக்கிறேன். தாலுகா ஆபீசுக்குப் போனா ஒம் புருசன் துபாய்ல இருக்கான்னு வெரட்டுறான். எம் பிள்ளையள வச்சுக்கிட்டு நான் காட்டு வேலைக்குப் போறேன். அங்க சத்துணவுல அந்தப் பொம்பள கரண்டி பிடிச்சுட்டு நிக்கிறா. அந்த வழியாத்தான் நான் தெனம் போறேன்."

"தப்புத்தான் மதினி. எல்லாம் என் தப்பு. பாஸ்போர்ட் யோசனை சொன்னது நான். ஒங்கள மறிச்சதும் நான்."

"இப்பக் கையெழுத்துப் போட்டா என்ன அர்த்தம்? எம் புருசன் உசுரோட இருக்காகன்னு நானே எழுதிக் குடுக்குறேன். அப்புறம் அவுக எந்தக் காலத்துல சாவாக? சொல்லுங்க. எப்பச் சாவாக?"

எனக்கு எப்போதும் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும். ரூமில் என்னை வக்கீல் என்றே கிண்டல் செய்வார்கள். அன்று போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினேன். வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். வைத்திருந்தாலும் நான் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

"அவருக்கு மூச்சு வருதா?" என்று கேட்டாள்.

"வருது மதினி. கொழாய் வழியா வருது. இன்னும் ஒரு மாசம், ஒன்றரை மாசம்னு டாக்டர் சொல்றாரு."

போனில் ஆட்டுச் சத்தம் கேட்டது.

"எங்கவுகளுக்கு மூச்சு நிக்கிறப்ப நான் பக்கத்துல இல்ல. வெறகு பெறக்கப் போயிருந்தேன். வந்து பாத்தா வாயில ஈ மொய்க்குது. இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தூக்கமில்ல. அவளாச்சும் பக்கத்துல இருக்கட்டும்." மூக்கைச் சிந்தினாள். "அவ வந்து எங்கிட்டக் கேக்கணும். நீங்க கேட்டா ஆச்சா? அவ கேக்கட்டும்."

பஞ்சவர்ணம் அன்றே போய்க் கேட்டிருக்கிறாள். என்ன கேட்டாள், எப்படிக் கேட்டாள் என்று இருவருமே சொல்லவில்லை. மறுநாளே இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ராமநாதபுரம் போய்ப் பவரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அது சென்னைக்கும் டெல்லிக்கும் போய் முத்திரை வாங்கி என் கைக்கு வரப் பதிமூன்று நாள். அந்தப் பதிமூன்று நாளில் சோலைக்கு இரண்டு முறை காய்ச்சல் ஏறியது. ஒரு நாள் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி நர்சுகள் ஓடினார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று, எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் திட்டினேன்.

பவரை எடுத்துக்கொண்டு ஓடினால், வக்கீலம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தார். கௌஸ் பாய் முதலில் என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நான் அங்கேயே விழுந்திருப்பேன். காப்பாளராகப் போகிறவரின் குரலைத் தன் காதால் கேட்காமல் எந்தக் கேஸையும் அவர் பதிய மாட்டாராம். ஆண்கள் பெண்களிடம் எதையாவது சொல்லிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்களாம். இதைச் சொல்லும்போது பாய் என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளே போக ஒரு ஓட்டை கிடைத்தால் போதும் என்றிருந்தது.

ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்தப் பக்கம் நாகஜோதி, பக்கத்திலேயே பஞ்சவர்ணம் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய மூச்சுச் சத்தம் எனக்குத் தெரியும், தினமும் மதியம் கேட்கிறேன். வக்கீலம்மா அரபியில் கேட்டார், கௌஸ் பாய் தமிழில் சொன்னார். பாயின் கை மேஜைக்கடியில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தது.

"இந்த மனுசர் உங்க வீட்டுக்காரரா?"

லைன் அறுந்துவிட்டதோ என்று நான் எழுந்தேன்.

"ஆமா. எங்க வீட்டுக்காரரு."

"யாராச்சும் உங்களைக் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினாங்களா?"

"இல்ல. நானாத்தான் போட்டேன்."

வக்கீலம்மா பவரைப் புரட்டினார். திருப்தியில்லை. பேனாவால் மேஜையைத் தட்டினார். பேப்பரில் இல்லாத ஏதாவது ஒன்று அவரைப் பற்றிச் சொல்லச் சொல் என்றார். கௌஸ் பாய் அதைத் தமிழில் சொன்னார். சோலையைப் பற்றி இவள் என்ன சொல்வாள்? எதிர் வீட்டுக் கொழுந்தனைப் பற்றி ஒருத்திக்கு என்ன தெரியும்?

நாகஜோதி சோலையைப் பற்றிச் சொல்லவில்லை.

"அவுகளுக்குக் கோழி அறுக்கிறதப் பாக்க முடியாதும்மா. எந்திருச்சுத் தெருவுக்குப் போயிருவாக. கொழம்பு கொதிச்சதும் மொத ஆளா வந்து உக்காருவாக, ரெண்டு ஆள் கறி திம்பாக." சிரித்த மாதிரி இருந்தது. "கயித்துக் கட்டில்லதான் படுப்பாக. காதுல காத்து போகுமுன்னு துண்டக் கட்டிக்கிட்டுத்தான் படுப்பாக, சித்திரை மாசங்கூட. மூத்தது பொண்ணாப் பொறந்ததுக்கு எங்கம்மா அழுதப்ப, அவுக போயி ரெண்டு கிலோ கருப்பட்டி வாங்கியாந்து தெருவெல்லாம் குடுத்தாக." அப்புறம் நிறுத்தினாள். "கோவம் வந்தா திட்ட மாட்டாக. பேச மாட்டாக. எட்டு நாள்கூடப் பேசாம இருப்பாக. நான்தான் போயிப் பேசணும். இப்ப அவுக பேசி ரொம்ப நாளாச்சும்மா. நானும் பேசிப் பேசிப் பாக்குறேன். பேச மாட்டேங்குறாக."

கௌஸ் பாய் மொழிபெயர்த்தார். அவருடைய அரபி அன்றைக்கு இரண்டு இடத்தில் தடுமாறி நின்றது. அவர் ஒரு வார்த்தையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று பிறகு என்னிடம் சத்தியம் செய்தார்.

வக்கீலம்மா முகத்திரை போட்டவர் இல்லை. நெற்றிக்கு மேல் ஷேலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை. "கலாஸ்" என்று பேப்பரை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

போனை வைக்கும் முன் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அழுகை கேட்டது. இரண்டு பேரில் யார் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கோர்ட்டில் இரண்டு வாய்தா. வியாழனும் வெள்ளியும் லீவு என்று ஒவ்வொரு வாரமும் இரண்டு நாளை விழுங்கியது. ஆகஸ்ட் கடைசியில் உத்தரவு வந்தது. நினைவு தவறிய இந்திய நாட்டவர் நாகலிங்கத்துக்கு அவர் மனைவி நாகஜோதி காப்பாளர். அவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். கௌஸ் பாய் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் கையை இழுத்துக்கொண்டு, "சீக்கிரம் ஏத்துங்க தம்பி, மத்ததையெல்லாம் அப்புறம் அழுங்க" என்றார்.

ஸ்ட்ரெச்சரில் வைத்து, கூடவே ஒரு நர்சோடு, சோலையை ஏற்றினோம். எலும்புக்கு மேல் தோல் போர்த்தியது மாதிரி இருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் அவன் காதருகே குனிந்து, "டேய், ஊருக்குப் போறடா. பஞ்சவர்ணம் வாரா" என்றேன். கண்ணிமை அசைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. டாக்டரிடம் கேட்டால் இல்லை என்பார், அதனால் கேட்கவில்லை. பிக்கப்பில் திரும்பி வரும்போது மூன்று மாதத்தில் முதல் முறையாக எனக்குப் பசித்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மறுநாள் காலை சைட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். சென்னை விமான நிலையத்திலிருந்து போன். நாகஜோதி.

"தம்பி, பிளேன் எறங்கிருச்சாம். உள்ள கூப்புடுறாக."

"நல்லது மதினி. பேப்பரெல்லாம் கையில இருக்குல்ல?"

"இருக்கு. அது இல்ல. மதுரை ஆஸ்பத்திரிக்கு வண்டி நிக்கிது. வண்டிக்குள்ள நர்சு, ஆக்சிஜன் போக ஒத்த ஆளுதான் ஏறலாமாம். பேப்பர்ல உள்ள ஆளு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வக்கீல், இத்தனை முத்திரை, எல்லாம் பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை.

"பஞ்சவர்ணம் எங்க?"

"இங்கதான் நிக்கிறா. நான் பஸ்ல பின்னாடியே வாரேன்க்கா, மதுரையில வந்து பாத்துக்கிறேன்னு சொல்றா. பத்து மணி நேரம் தம்பி. ஆளு இருக்கிற இருப்ப நர்சு சொன்னாக. வழியிலயே ஏதாச்சும் ஆச்சுன்னா?"

பின்னால் ஆட்கள் "யல்லா பாய்" என்று வண்டியைத் தட்டினார்கள்.

"அதனால ஒண்ணு நெனச்சிருக்கேன். உள்ள போயிக் கையெழுத்தப் போட்டு ஆளை வாங்குறது நான். வண்டிக்கிட்ட வந்ததும் நான் ஒதுங்கிக்கிறேன், அவள ஏத்தி விட்டுர்றேன். வண்டிக்காரனுக்கு எந்தப் பொம்பளன்னு என்ன தெரியும்? மதுரையில பேரு கேப்பாகல்ல?"

"கேப்பாக மதினி. சேக்குறப்பக் கேப்பாக. உள்ள விடுறப்பவும் கேப்பாக. தெனமும் கேப்பாக."

"அதான் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்திருக்க வேண்டும். விமான நிலையத்து அறிவிப்புச் சத்தத்துக்கு நடுவில் பஞ்சவர்ணத்தின் குரல் கேட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற குரல்.

"எம் பேரு நாகஜோதி. நாகலிங்கம்... நாகலிங்கம் சம்சாரம். அவுக எங்க வீட்டுக்..."

"அழுகாமச் சொல்லுடி," என்றாள் நாகஜோதி. "அழுதா கண்டுபிடிச்சிருவாக."

பஞ்சவர்ணம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.